வலப்பக்கம் திரும்பிய முகில்

1

கிளிநொச்சியிலிருந்து சித்தி அழைக்கும்போதெல்லாம் கதை ஒரே இடத்தில்தான் தொடங்கும். இப்பவும் அந்த ஆலங்கட்டி பொறுக்கிற வேலைதானோ என்று கேட்பாள். ஓம் என்பேன். அதுக்கும் சம்பளம் தருவினமோ என்பாள். தருவினம் என்பேன். சுவிஸ்காரருக்கு விசர் என்று முடிவுகட்டிவிட்டுக் கலியாணப் பேச்சுக்கு வருவாள்.

போன கிழமை அழைத்தபோது கலியாணத்துக்கு வரவில்லை. போன வருடத் தேரன்று இங்கே நடந்தது அவளுக்கு இப்போதுதான் எட்டியிருக்கிறது, அதுவும் மூன்று நான்கு வாய் கடந்து. கொப்பருக்கு என்ன நடந்தது, உண்மையைச் சொல்லு என்றாள். அப்பாவின் கதையில் பாதிதான் தொலைபேசியில் சொல்ல முடிந்தது. இந்த ஞாயிற்றுக்கிழமை மறுபடி தேர். அதற்குள் முழுவதையும் எழுதிவிடலாம் என்று உட்கார்ந்திருக்கிறேன்.

முதலில் வேலை. கோடையில் சுவிஸில் பெரிய இடிமுகில்கள் கிளம்பும். அவற்றில் சில தம்மைத் தாமே சுற்றிக்கொண்டு மணிக்கணக்காக உயிரோடிருக்கும். சூப்பர்செல் என்பார்கள். பெரிய ஆலங்கட்டியெல்லாம் அநேகமாக அதன் வயிற்றில்தான் வளரும். நாங்கள் அதன் பின்னால் காரில் போவோம். கட்டிகள் விழுந்து முடிந்ததும், உருகுவதற்கு முன் நிலத்தை ட்ரோனால் படம் எடுப்போம். கையால் பொறுக்கி அளந்து, ஐஸ்பெட்டியில் போட்டு பெர்னில் உள்ள ஆய்வுகூடத்துக்குக் கொண்டுவருவோம். வெட்டிப் பார்த்தால் வெங்காயம்போல அடுக்கடுக்காக இருக்கும். அது எத்தனை தடவை மேலே போய்க் கீழே வந்தது என்பதை அந்த அடுக்குகளிலிருந்து ஊகிக்கலாம். முன்னால் போகக் கூடாது, உள்ளே போகக் கூடாது, எப்போதும் பின்னால்தான். இது எங்கள் குழுவின் முதல் விதி.

அப்பா கோயிலில் ஆட்களிடம் மூத்தவள் மழைக் கந்தோரில வேலை என்று, ஏதோ அரச அலுவலகம்போலச் சொல்லுவார். கலாநிதிப் பட்டத்துக்குப் படிக்கிறேன் என்பதை எப்படிச் சொல்வது என்று அவருக்குத் தெரியவில்லை. அவர் மூன்றாம் வகுப்போடு நின்றவர். அம்மா பள்ளிக்கூட வாசலையே மிதித்ததில்லை. எங்கள் குடும்பத்தில் படிப்பை முடித்த முதல் ஆள் நான். இதை அடக்கமாகச் சொல்ல எனக்கு வராது. பழகவும் விருப்பமில்லை.

2

நான் ஒன்பது வயதில் இங்கு வந்தேன். அப்பா எங்களுக்கு முன்பே வந்து, இன்டர்லாக்கனில் ஒரு ஹோட்டல் குசினியில் கோப்பை கழுவிக்கொண்டிருந்தார். அவருடைய விசாவில் தற்காலிகம் என்று எழுதியிருந்தது. அந்தத் தற்காலிகம் பல வருடம் நீண்டது. ஆறு மாதத்தில் எனக்கு டொச், அதுதான் ஜெர்மன் மொழி, வந்துவிட்டது. அதன்பிறகு எங்கள் வீட்டுக்கு வெளியே இருந்த உலகம் முழுவதும் என் வாய்வழியாகத்தான் உள்ளே வந்தது. குடிவரவு அலுவலகம், காப்புறுதி, பல் வைத்தியர், தங்கை மிதுனா பிறந்த ஆஸ்பத்திரி எல்லாவற்றிலும் நான்தான் நடுவில் நின்றேன். அலுவலர் நீளமாக ஏதோ சொல்வார். அதில் "பொதுவாக", "அநேகமாக", "சூழ்நிலையைப் பொறுத்து" எல்லாம் இருக்கும். அப்பா என்னைப் பார்ப்பார். அவருக்கு வேண்டியது ஓமா இல்லையா என்பதுதான். நான் சொன்னதை அவர் ஒருநாளும் வேறு யாரிடமும் கேட்டுச் சரிபார்த்ததில்லை.

பிறகு ஆராவ் நகருக்கு மாறினோம். பக்கத்து ஊரில், தொழிற்சாலைகளுக்கு நடுவே ஒரு அம்மன் கோயில் உண்டு. முன்பு தளபாடக் கிடங்காக இருந்த கட்டடம். ஆடியில் தேர். சுவிஸ் முழுவதிலுமிருந்து சனம் வரும்.

ஊரில் எங்கள் ஆட்கள் தேர்வடம் தொட்டதில்லை. தொட விடமாட்டார்கள். தேர் வடக்கு வீதிக்கு வரும்போது தெருவுக்கு அந்தப் பக்கம் நின்று கும்பிடலாம், அவ்வளவுதான். இங்கே சட்டம் வேறு என்பதால் அப்படி யாரும் வெளியே சொல்வதில்லை. அப்பா முதல் வருடம் வடம் பிடிக்கப் போனபோது, அங்கே ஆள் கூடிப்போச்சு, நீங்கள் சில்லுப் பக்கம் நில்லுங்கோ என்று மரியாதையாகச் சொன்னார்கள்.

சில்லுப் பக்கம் என்றால் சக்கரத்துக்குக் கட்டை போடும் வேலை. தேரை நிறுத்தவும் திருப்பவும் முன்சில்லுக்கு அடியில் ஆப்புமாதிரி ஒரு மரக்கட்டையைச் செருக வேண்டும். குனிந்தபடி, சில்லோடு சில்லாக நகர வேண்டும். பட்டு வேட்டியோடு வருகிற யாருக்கும் அது பிடிக்காது. இங்குள்ள தேருக்கு பிரேக் இருக்கிறது; வீதி அனுமதி தருகிற நகரசபை கேட்டதற்காகப் பூட்டியது. கோயிலுக்குப் பின்னால், கார் ரயர் வைக்கும் ஒரு பெரிய கிடங்கை நோக்கி இறங்கும் சரிவில் அது போதாது. அங்கே பின்வடத்தை நூறு பேர் இழுத்துப் பிடிக்க, முன்னால் இரண்டு பேர் கட்டை போட்டுப் போட்டு இறக்குவார்கள். அந்த இரண்டு பேரில் இடது பக்கத்து ஆள் அப்பா. அவமானமாக இல்லையா என்று ஒருதடவை கேட்டேன். அவர் யோசித்துப் பார்த்துவிட்டு, "வடம் ஆரும் இழுக்கலாம். கட்டை தவறிப் பிழைச்சால் தேர் போச்சு" என்றார்.

3

போன வருடம் தேரன்று காலை எங்களுக்குள் சண்டை.

முதல்நாளே எல்லாக் கணிப்பும் ஒரே கதையைத்தான் சொன்னது. கீழே வெக்கையும் ஈரமும். மேலே உயரத்துக்கு உயரம் காற்று திசை மாறிக்கொண்டிருந்தது. அந்தக் கோடையின் மிக மோசமான நாளாக அது இருக்கும் என்று எங்கள் குழுவில் எல்லோருக்கும் தெரிந்தது. நான் தேருக்கு வரவில்லை என்றேன். இடியும் மழையும் எங்கேயும் ஓடாது, தேர் வருடத்தில் ஒருமுறைதான் என்றார் அப்பா. இடியும் மழையும்தான் அப்பா ஓடுகிறது, தேர் நிற்கிற இடத்தில்தான் நிற்கிறது என்று நான் சொன்னதை அவர் ரசிக்கவில்லை.

தேரைக் காலையிலேயே இழுத்து முடிக்கச் சொன்னேன். முடியாது. அன்று காலை அதே வீதியில் சைக்கிள் ஓட்டப் போட்டி. நகரசபை கோயிலுக்குப் பிற்பகலைத்தான் கொடுத்திருந்தது. கோயில் தலைவரிடமாவது சொல்லுங்கள் என்றேன். அப்பா சொல்லியிருக்கிறார். தலைவர் கைபேசியை எடுத்துக் காட்டியிருக்கிறார். சூரியன், முகில், ஒரு மின்னல். அந்தக் கிழமை முழுவதும் ஒவ்வொரு நாளும் அதே படம்தான் இருந்தது. ஒரு நாளும் ஒரு துளி விழவில்லை. அதோடு, தேர் நாளில் நாலு துளி விழுந்தால் எங்கள் சனத்துக்குச் சந்தோஷம். அம்பாள் குளிர்ந்துவிட்டாள் என்பார்கள். குடையைக்கூட விரிக்கமாட்டார்கள்.

மிதுனாவுக்கு அப்போது பதினேழு வயது. நாங்கள் தமிழில் கேட்பதற்கு அவள் சுவிஸ் டொச்சில் பதில் சொல்வாள். கோயிலுக்கு வருவதே அம்மாவுக்காக. நான் தப்பிக்கொள்கிறேன், தான் மட்டும் சேலை கட்ட வேண்டுமா என்று முறைத்தாள். அம்மா அன்னதானத்துக்கு மரக்கறி வெட்ட முன்னதாகவே போய்விட்டார்.

4

என்னோடு வேலை செய்பவன் ரேட்டோ. எமென்டாலில் பால்மாடு வளர்க்கும் வீட்டுப் பிள்ளை. முகில் வெடித்துச் சிதறினாலும் குரலை உயர்த்தமாட்டான். சொலத்தூர்ன் நகருக்கு மேலே ஒரு குன்றில் காரை நிறுத்திவிட்டுக் காத்திருந்தோம். ஜூரா மலைக்கு மேலே மதியத்திலேயே முகில் காலிஃபிளவர்ப் பூக்கோவாமாதிரி கொதித்துக்கொண்டு எழுந்தது. ஒரு மணித்தியாலத்துக்குள் அதன் தலை கொல்லன் பட்டடை மாதிரித் தட்டையாகிவிட்டது. அடிப்பாகம் மெதுவாகச் சுற்றுவது வெறுங்கண்ணுக்கே தெரிந்தது.

எங்களுக்கு அது நல்ல நாளாகத்தான் தொடங்கியது. பின்னால் போனோம். ஒரு வயலில் பெரிய கோலிக்குண்டு அளவுக் கட்டிகளைப் பொறுக்கி அளந்தோம். முகில் வடக்காகப் போய்க்கொண்டிருந்தது. அப்படியே போனால் மலையைத் தாண்டி பாசல் பக்கம் போய் முடியும். ஆராவுக்குத் தொல்லை இல்லை.

திரும்பி காரில் ஏறி ராடாரைப் பார்த்தேன். முகில் இரண்டாகப் பிரிந்துகொண்டிருந்தது.

இதைக் கொஞ்சம் விளக்க வேண்டும். இப்படிப் பிரியும்போது இடது துண்டு வேகமாக இடப்பக்கம் ஓடும். இந்தப் பக்கத்து நாடுகளில் அநேகமாக அது இளைத்துவிடும். வலது துண்டு வேகம் குறைந்து, வலப்பக்கமாகத் திரும்பி, தனியே கொழுக்கும். பெரிய கட்டி அதில்தான். ஆனால் கைபேசியில் எல்லோரும் பார்க்கிற வரைபடம் முகில் இதுவரை வந்த திசையிலேயே அம்புக்குறி போடும். அது திரும்பியது அம்புக்குறிக்குத் தெரியச் சிறிது நேரம் எடுக்கும்.

நான் திருப்பத்தைச் சேர்த்து ஒரு கோடு போட்டேன். ஒல்டன். ஆராவ். கோயில்.

ரேட்டோ என் திரையைப் பார்த்தான், பிறகு முகிலைப் பார்த்தான். மக்களுக்கு எச்சரிக்கை கொடுப்பது எங்கள் வேலை இல்லை. அதற்கு அரச வானிலைச் சேவை இருக்கிறது. அவர்கள் முழுப் பிரதேசத்துக்கும் காலையிலேயே கொடுத்துவிட்டார்கள். நாங்களாக எச்சரிக்கக் கூடாது என்பது எங்கள் குழுவுக்குக் கண்டிப்பான கட்டளை. அவன் அதை எனக்கு நினைவூட்டவில்லை. உன் அப்பாவுக்கு நீ போன் எடுப்பது எச்சரிக்கை இல்லை, குடும்பக் கதை என்று மட்டும் சொன்னான். பிறகு தன் கைபேசியில் அவசர இலக்கத்துக்கு அடித்து, அங்கே திறந்த வெளியில் ஆயிரம் பேருக்கு மேல் நிற்கிறார்கள் என்று நிதானமாகச் சொல்லத் தொடங்கினான்.

5

அப்பா தேருக்குக் கைபேசி கொண்டுபோவதில்லை. வேட்டியில் எங்கே வைப்பது. முதலில் தலைவருக்கு எடுத்தேன். தவில்மேளமும் நாதஸ்வரமும் கேட்டன. தேர் வெளிக்கிட்டுவிட்டது. நல்ல மனிதர்தான், முன்பு பேருந்து ஓட்டியவர், நான் பல்கலைக்கழகம் போனபோது மேடையில் கூப்பிட்டுப் பொன்னாடை போர்த்தியவர். நான் சொன்னதைப் பொறுமையாகக் கேட்டார்.

"பிள்ளை, நாங்களும் பாத்தனாங்கள். அது பாசல் பக்கம் போகுது."

"அது திரும்பிட்டுது அங்கிள். அரைமணித்தியாலம்கூட இல்லை. தேரை நிப்பாட்டி ஆக்களை உள்ளுக்கை அனுப்புங்கோ."

"வெளிக்கிட்ட தேர் திரும்ப இருப்பிடத்துக்கு வாற வரைக்கும் நிக்கக் கூடாது. உமக்கு இது தெரியாட்டில் பறவாயில்லை. உங்கட ஆக்களுக்கு..." என்று தொடங்கியவர் நிறுத்திக்கொண்டார். பிறகு அம்பாள் பார்த்துக்கொள்வாள் என்று சொல்லி வைத்துவிட்டார்.

எனக்குக் காது சுட்டது. கோபப்படவும் நேரம் இல்லை. மிதுனாவுக்கு எடுத்தேன். அப்பாவிடம் போய் போனைக் கொடு என்றேன். தேருக்குக் கிட்டப் போக விடமாட்டார்கள், ஆம்பிளையள் கயிறு கட்டி நிற்கிறார்கள் என்றாள் சுவிஸ் டொச்சில். குனிந்து போ, சேலை கிழிந்தாலும் போ என்றேன். என் குரலில் எதைக் கேட்டாளோ, அவள் திருப்பிக் கேட்கவில்லை. எனக்குக் கேட்டதெல்லாம் தள்ளுமுள்ளும் "எங்கை பிள்ளை போறாய்" என்ற அதட்டல்களும்தான். பிறகு சில்லு தார்வீதியில் அரைபடும் சத்தம் மிக அருகில் கேட்டது. அப்பாவின் இரண்டு கையும் கட்டையில். மிதுனா போனை அவர் காதில் பிடித்திருக்கிறாள்.

"அப்பா, தேர் எங்கை நிக்குது?"

"சரிவில இறங்குது. என்ன?"

"நிப்பாட்டுங்கோ. ஆலங்கட்டி வருது."

மூச்சு வாங்கிக்கொண்டு, "எவ்வளவு பெருசு?" என்றார்.

"தேசிக்காய் அளவு. கூடவும் இருக்கலாம்."

எலுமிச்சம்பழம் அளவு ஐஸ் என்று அவருக்குப் புரிந்திருக்கும். மேளம் அடித்துக்கொண்டே இருந்தது. சில்லு ஒரு தடவை கட்டையில் ஏறி இறங்கியது கேட்டது.

"வடிவாத் தெரியுமோ பிள்ளை?"

முகிலைப் பற்றி யாரும் வடிவாக, நிச்சயமாக, சொல்ல முடியாது. நூற்றுக்கு எழுபது என்பேன், நூற்றுக்கு எண்பது என்பேன். நாங்கள் எழுதும் கட்டுரைகளில் ஒவ்வொரு வசனத்திலும் அந்த "அநேகமாக" இருந்தே ஆகும். இல்லாவிட்டால் பேராசிரியர் சிவப்பு மையால் சேர்த்துவிடுவார். அது மறுபடி இடப்பக்கம் விலகினால், அல்லது ஒல்டனோடு செத்துப்போனால், தேரை மறித்தவன் என்ற பெயர் அப்பாவுக்குச் சாகும்வரைக்கும் ஒட்டிக்கொள்ளும். அவருக்குக் கிடைத்திருந்த அந்தச் சில்லடி இடமும் போய்விடும். எல்லாம் தெரிந்துதான் சொன்னேன்.

"ஓம்."

மரத்தில் மரம் அடிக்கும் சத்தம் இரண்டு தடவை கேட்டது. சில்லு நின்றது.

அதன்பிறகு கேட்டதெல்லாம் சத்தம். அரோகரா என்று இழுக்கிறார்கள், தேர் அசையவில்லை. என்ன நடந்தது, கட்டையை எடு என்கிறார்கள். ஒருவர் கெட்ட வார்த்தையில் எங்கள் சாதியைச் சொன்னார். அந்த இரைச்சலுக்கு நடுவே அப்பாவின் குரல் உயராமல் கேட்டது.

"நான் எடுக்கமாட்டன். என்ர பிள்ளை சொல்லிப்போட்டாள்."

நான் சொன்னதெல்லாம் மிதுனாவுக்கும் கேட்டிருக்க வேண்டும். போனோடு ஓடுகிறாள் என்று தெரிந்தது. அடுத்து அவள் குரல் ஒலிபெருக்கியில் வந்தது. முதலில் தமிழில், எத்தனையோ வருடமாக எங்களோடு பேசாத தமிழ், தடக்கித் தடக்கி. எல்லாரும் அந்த ரயர்க் கிடங்குக்குள் போங்கோ, இப்ப போங்கோ. பிறகு சுவிஸ் டொச்சில். இங்கே பிறந்த பிள்ளைகள்தான் முதலில் அசைந்தார்கள் என்று பிறகு சொன்னார்கள். அவர்கள் தங்கள் அம்மாமாரை இழுத்துக்கொண்டு போனார்கள்.

ஆனால் அவள் "ஹாகெல்" என்ற சொல்லையும் சொன்னாள். ஆலங்கட்டிக்கு இந்த நாட்டுச் சொல் அது. முப்பது வருடம் சுவிஸில் வாழ்ந்த எங்கள் ஆம்பிளைகளுக்கு அந்தச் சொல்லைக் கேட்டால் தலை நினைவுக்கு வராது. கார்தான் நினைவுக்கு வரும். ஒவ்வொரு கோடையிலும் காப்புறுதிக்காரனோடு இழுபடுவது அதற்காகத்தான். வாகனத் தரிப்பிடம் திறந்த வெளி. பின்வடம் பிடித்திருந்தவர்களில் பாதிப்பேர் மடியில் கார்த் திறப்பைத் துழாவிக்கொண்டு தரிப்பிடத்துக்கு ஓடினார்கள்.

"வடத்தை விடாதேங்கோ," என்று தூரத்தில் அப்பா கத்துவது கேட்டது. "தேர் சரிவில நிக்குது, ஒருத்தரும் விடாதேங்கோ."

இணைப்பு அறுந்தது.

6

நெடுஞ்சாலையில் நாங்கள் முகிலுக்குப் பின்னால் ஓடினோம். ரேட்டோ ஓட்டினான். நான் மாறி மாறி மூன்று பேருக்கு எடுத்தேன். மிதுனா எடுக்கவில்லை. அம்மா எடுக்கவில்லை. தலைவரும் எடுக்கவில்லை.

ராடாரில் ஆலங்கட்டியின் அளவுக்கு ஏற்ப நிறம் மாறும். மஞ்சள், சிவப்பு, கடைசியில் ஊதா. ஊதாப் பொட்டு கிழக்காக வளைந்து, நான் போட்ட கோட்டின் மேலேயே நகர்ந்தது. வேறு எந்த நாளாக இருந்தாலும் காருக்குள் கைதட்டியிருப்பேன். அந்தத் திரையில் கோயில் ஒரு சிறு புள்ளி. ஊதா அதை நெருங்கியது, தொட்டது, மூடியது. அங்கே ஆயிரம் பேரை ஓடச் சொன்னவள் நான். ஓட முடியாத ஒரு ஆளையும் நான்தான் அங்கே நிறுத்தி வைத்திருக்கிறேன். அப்பா கட்டையை விடமாட்டார். விட்டால் தேர் உருளும். சரிவின் அடியில்தான் சனம் ஓடிக்கொண்டிருக்கிறது.

வேகமாகப் போ என்றேன். விதி எனக்கும் தெரியும். கட்டி விழுகிற இடத்துக்குள் போனால் முன்கண்ணாடி உடையும், பிறகு யாரையும் போய்ச் சேர முடியாது. அதன் வால் விளிம்பிலேயே அவன் காரை வைத்திருந்தான். மேற்கூரையில் இரண்டு மூன்று அடி விழுந்தது, யாரோ சுத்தியலால் தட்டுவதுமாதிரி. கண்ணாடியின் ஓரத்தில் ஒரு கீறல் நட்சத்திரமாக விரிந்தது. அவன் வேகத்தைக் குறைத்தான். எனக்கு அவனைக் கொல்ல வேண்டும்போல இருந்தது.

ஒரு மேம்பாலத்தின் கீழே கார்கள் நெருக்கியடித்துக்கொண்டு நின்றன. கட்டிக்குப் பயந்து எல்லோரும் பாலத்தின் நிழலில் ஒதுங்கி, பாதையையே அடைத்துவிட்டார்கள். நான் இறங்கி ஓடிப்போய்க் கண்ணாடிகளில் தட்டினேன். முடிந்துவிட்டது, போங்கள், வழி விடுங்கள் என்று கத்தினேன். என் டொச் எனக்கே புரியவில்லை. வேலை செய்வதற்கான ஆரஞ்சு நிற மேலங்கி போட்டிருந்ததால் பொலிஸ் என்று நினைத்தோ என்னவோ, ஒருவர் பின் ஒருவராக நகர்ந்தார்கள்.

இறங்கும் பாதையில் திரும்பியபோது கார்க் கண்ணாடியை இறக்கினேன். குளிர்காற்றோடு பச்சை இலை கசங்கிய வாசம் அடித்தது. ஆலங்கட்டி அடித்த ஊர்கள் எல்லாம் இப்படித்தான் மணக்கும், ஒரு காட்டையே அரைத்து வைத்ததுமாதிரி. எத்தனையோ தடவை ரசித்து மூச்சிழுத்த வாசம். அன்று கண்ணாடியை மறுபடி ஏற்றினேன்.

7

வீதி வெள்ளையாகக் கிடந்தது. காலை வைத்த இடமெல்லாம் உருண்டது. செருப்புகள், நசுங்கிய குடைகள், தேங்காய்த் துண்டுகள். சரிவின் நடுவில் தேர் நின்றது. மேலே கட்டியிருந்த சிவப்புச் சீலை நார்நாராகக் கிழிந்து தொங்கியது. உள்ளே பலகைக் கூரைக்குக் கீழே ஐயர் அம்பாளைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். கீழே யாரையும் காணவில்லை.

அப்பா என்று கூப்பிட்டேன். இரண்டாம் தடவை கூப்பிட்டபோது, சில்லுகளுக்கு நடுவே, தேரின் அடித்தட்டுக்குக் கீழிருந்து, "இஞ்சை" என்று குரல் வந்தது.

முழங்காலில் விழுந்து பார்த்தேன். இடப்பக்கக் கட்டையை முதுகாலும் காலாலும் முட்டுக்கொடுத்தபடி அப்பா. வலப்பக்கக் கட்டையை, பொன்னிறக் கரை வேட்டி சேறும் ஐஸுமாக, இரண்டு கையாலும் அமத்திப் பிடித்தபடி கோயில் தலைவர். வலது கட்டைக்காரர் தன் காரைப் பார்க்க ஓடியபோது தலைவர்தான் குனிந்திருக்கிறார். காற்று தேரைத் தள்ளியதாம். கட்டைகள் ஐஸில் வழுக்கியதாம். அடித்தட்டு உடம்புக்குக் கூரையாக இருந்தது. ஆனால் கட்டையைப் பிடிக்கிற கை வெளியே நீண்டுதான் இருக்க வேண்டும். தலைவருக்குப் புறங்கையில் இரத்தம். அப்பாவின் இடது கை ஊதிக் கறுத்திருந்தது. இரண்டு விரல் திரும்பக் கூடாத பக்கம் திரும்பியிருந்தன.

ரேட்டோ தேருக்குப் பின்னால் போய், தடித்த பின்வடத்தை ஒரு விளக்குக் கம்பத்தில் சுற்றி, மாட்டுப்பட்டிக்காரன் முடிச்சு ஒன்று போட்டு இறுக்கினான். அதன்பிறகுதான் அவர்கள் இருவரும் கையை எடுத்தார்கள்.

சனம் ரயர்க் கிடங்குக்குள் பத்திரமாக இருந்தது. கிடங்குக் காவலாளி ஒரு சுவிஸ் கிழவர். மிதுனாவின் டொச்சைக் கேட்டுப் பெரிய கதவைத் திறந்துவிட்டிருக்கிறார். கார் பார்க்கப் போனவர்களில் ஒருவருக்குத் தலையில் ஏழெட்டுத் தையல். காருக்குள் ஏறியவர்கள் தப்பினார்கள், கார்கள் தப்பவில்லை. நான் தரையிலிருந்து பொறுக்கியதில் பெரியது தேசிக்காயையும் தாண்டியிருந்தது. ரேட்டோதான் வாங்கி அளந்தான்.

அப்பாவை ஆஸ்பத்திரிக்குக் கூப்பிட்டேன். மிதுனா வந்து தன் முந்தானையைக் கிழித்து அவர் கையைச் சுற்றிக் கட்டினாள். அவர் வரமாட்டேன் என்றார். தேர் நடுவழியில் நிற்கிறது. அவர் கட்டை இல்லாமல் அது இறங்காது.

வெயில் அடிக்கத் தொடங்கியது. ஆட்கள் வெளியே வந்தார்கள். சிலர் என் முகத்தைப் பார்க்காமல் வடத்தைக் கையில் எடுத்தார்கள். வீதி அனுமதி முடியப்போகிறது, கெதியா இழுங்கோ என்று ஒரு குரல். நூற்றுக்கணக்கான கை வடத்தில் ஏறியது. அப்பா சில்லடியில் குந்திக்கொண்டு, நல்ல கையைக் கட்டையில் வைத்தார். எடுக்கவில்லை. திரும்பி என்னைப் பார்த்தார். சின்ன வயதில், கண்ணாடித் தட்டிக்கு இந்தப் பக்கம் நின்று, அலுவலர் பேசி முடித்ததும் பார்ப்பாரே, அதே பார்வை.

"பிள்ளை, எடுக்கலாமோ?"

ராடாரைப் பார்த்தேன். சொலத்தூர்ன் பக்கம் இன்னொன்று எழுந்திருந்தது. சிவப்பு. திரும்புமா, செத்துப்போகுமா என்று சொல்ல முடியாத பருவம். அப்பாவின் முகம் வலியில் சாம்பல் பூத்திருந்தது. ஓம் என்று சொன்னால் கால்மணித்தியாலத்தில் தேர் இருப்புக்குப் போகும், அவர் ஆஸ்பத்திரிக்குப் போவார்.

"இல்லையப்பா. இன்னும் ஒண்டு வருது. எல்லாரும் திரும்ப உள்ளுக்கை போகவேணும்."

முணுமுணுப்பு எழுந்தது. வெயில் எறிக்குதே என்றார் ஒருவர். அப்பா கட்டையிலிருந்து கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். வடத்தைக் கீழே வைத்துவிட்டு ஒவ்வொருவராகக் கிடங்குக்குள் போனார்கள். அம்மாவும் மற்றப் பெண்களும் சாம்பாரையும் சோற்றையும் அங்கேயே கொண்டுவந்து, ரயர் அடுக்குகளுக்கு நடுவே இலை போட்டார்கள். நான் கதவடியில் நின்று மேற்கைப் பார்த்துக்கொண்டிருந்தேன். முகில் வந்தது, இருண்டது, இடித்தது.

பிறகு மழை பெய்தது. வெறும் மழை. ஒரு கட்டிகூட இல்லை.

என் கணிப்புப் பிழையாகிப்போனது. அதற்காக அப்பா அங்கே உடைந்த விரல்களோடு உட்கார்ந்திருந்தார். மழை குறைந்தபோது, முதலில் கட்டையை எடு என்று கத்தியவர்களில் ஒருவர் எழுந்து வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, இதென்ன, சும்மா தண்ணிதானே, வாங்கோ இழுப்பம் என்றார். தலைவர் அப்பாவுக்குப் பக்கத்தில், அதே சேற்று வேட்டியோடு, புறங்கையில் துணி சுற்றியபடி சாப்பிட்டுக்கொண்டிருந்தார். தலையை நிமிர்த்தாமல் சொன்னார்.

"இரும். பிள்ளை இன்னும் சொல்லேல்லை."

அந்த ஆள் மறுபடி உட்கார்ந்தார். நான் மேற்கு முழுவதும் வெளிக்கும்வரை எடுக்கலாம் என்று சொல்லவில்லை.